எலாஸ்டோகிராபியில் தைராய்டு கட்டி மென்மையாக இருந்தால் ஊசிப் பரிசோதனை வேண்டாமா?

கேள்வி இது: வலப்பக்கத் தைராய்டில் 1.8 செ.மீ. கட்டி. ஸ்கேன் அறிக்கையில் டிஆர்4 என்று போட்டிருக்கிறார்கள். எலாஸ்டோகிராபியில் (திசு எவ்வளவு கடினம் என்று அளக்கும் ஸ்கேன்) கட்டி மென்மை என்று வந்துவிட்டால் ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) செய்யாமல் விடலாமா?

விட முடியாது. ஏன் என்று புரிய, அந்த 4 எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017இல் வெளியிட்ட டை-ராட்ஸ் முறையில் (ஸ்கேனில் தெரியும் தைராய்டு கட்டியின் சந்தேக அளவைத் தரம் பிரிப்பது) ஐந்து விஷயங்களுக்குப் புள்ளி போடுவார்கள்: உள்ளடக்கம், எதிரொலியின் அளவு, வடிவம், விளிம்பு, உள்ளே தெரியும் வெள்ளைப் புள்ளிகள். கட்டி முழுக்கத் திடமாக இருந்தால் 2, சுற்றியுள்ள தைராய்டைவிடக் கறுப்பாக இருந்தால் 2. மற்ற மூன்றும் சாதாரணம் என்றால் மொத்தம் 4. மொத்தம் 4 முதல் 6 வரை வந்தால் டிஆர்4. இந்த வகையில் 1.5 செ.மீ. தொட்டாலே ஊசிப் பரிசோதனை, 1 செ.மீ. முதல் 1.5 செ.மீ. வரை கண்காணிப்பு. இதே கட்டிக்குள் பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் இன்னும் 3 சேர்ந்து 7 ஆகிவிடும். அது டிஆர்5, அங்கே ஊசிக்கான எல்லை 1 செ.மீ.தான். இந்தக் கணக்கில் கட்டியின் கடினத்துக்கு இடமே கிடையாது.

எனவே நவீன முறைகளுக்கு முன்னால் இந்த அடிப்படைப் படத்தில் தவறு நேராமல் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிக்குப் பின்னால் வால் நட்சத்திரம் போல ஒரு கோடு இழுத்தால் அது பெரும்பாலும் கெட்டிப்பட்ட கொலாய்டு (தைராய்டில் இயல்பாகவே இருக்கும் பசை போன்ற பொருள்), பயமில்லை. வாலும் நிழலும் இல்லாத நுண்புள்ளிதான் சந்தேகத்துக்குரியது. ஸ்கேன் அலையின் குவியத்தைக் கட்டியின் ஆழத்துக்கு வைக்காமல் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "உயரம் அகலத்தைவிட அதிகம்" என்பதைக் குறுக்குவெட்டுப் படத்தில்தான் அளக்க வேண்டும். அது ஒன்றே 3 புள்ளி சேர்த்துவிடும் என்பதால், அளவுக்கோடு சற்றுச் சாய்ந்தாலும் வகை மாறிவிடும்.

இனி எலாஸ்டோகிராபி. இதில் இரண்டு வகை. ஸ்ட்ரெயின் முறையில் புரோபால் (கழுத்தில் வைக்கும் ஸ்கேன் கருவியின் கைப்பிடி) லேசாக அழுத்தி, திசு எவ்வளவு அமுங்குகிறது என்பதை நிறமாகக் காட்டுவார்கள். ஷியர் வேவ் முறையில் கருவியே ஒரு உந்துதல் கொடுத்து, அதனால் பக்கவாட்டில் பரவும் அலையின் வேகத்தை அளக்கும். விடை கிலோபாஸ்கலிலோ விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றோ வரும். எதுவானாலும் முதல் எதிரி கை அழுத்தம். புரோபைக் கழுத்தில் அமுக்கினால் மென்மையான கட்டியும் கடினமாகக் காட்டும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, புரோப் அதன்மேல் மிதப்பதுபோல் பிடிக்க வேண்டும். நோயாளி சில விநாடி மூச்சை அடக்க வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. கரோட்டிட் தமனியின் துடிப்பு குறுக்குவெட்டில் படத்தை ஆட்டும் என்பதால் நெடுக்குவெட்டில் எடுப்பது நல்லது. ஒரே அளவீட்டை நம்பாமல் பலமுறை எடுத்து நடு மதிப்பைக் கொள்ள வேண்டும். ஒரு கருவியின் எல்லை எண்ணை இன்னொரு கருவிக்குப் பொருத்தக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் நீர் நிறைந்த கட்டி, சுண்ணாம்பு படிந்த கட்டி, மூச்சுக்குழலின் மேல் உட்கார்ந்திருக்கும் இஸ்த்மஸ் (தைராய்டின் இரு பக்கங்களையும் இணைக்கும் நடுப்பகுதி) கட்டி ஆகியவற்றில் விடை நம்பகமாக இருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம்: தைராய்டு புற்றின் வகைகளில் பாப்பில்லரி புற்று பொதுவாகக் கடினமாக இருக்கும்; ஃபாலிக்குலர் புற்று மென்மையாகவே இருக்கலாம். "மென்மை" என்ற சொல்லை வைத்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். மறுபக்கம், ஊசிக்கான அளவு எல்லைக்குக் கீழே உள்ள கட்டி மிகக் கடினமாக இருந்தால் கண்காணிப்பை நெருக்கமாக்க அது நியாயமான காரணம்.

டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறை) ரத்த ஓட்டம் கட்டியின் நடுவே தெரிகிறது என்பதால் மட்டும் புற்று என்று முடிவு கட்ட முடியாது. தீங்கில்லாத கட்டிகளிலும் அப்படி வரும். நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன், முதல் மதிப்பீட்டைவிட வேறோரிடத்தில் அதிகம் பயன்படுகிறது. ரேடியோ அலை வெப்பத்தால் கட்டியைச் சுட்ட பிறகு, குமிழி நுழையாத பகுதி செத்த திசு. ஓரத்தில் குமிழி நுழைகிறது என்றால் அங்கே இன்னும் உயிருள்ள திசு மிச்சம்.

உங்கள் கட்டிக்கு வருவோம். ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவாக இருந்தால் ஊசிக்கு முன் ஐசோடோப் ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்க மருந்து கொடுத்து எடுப்பது) எடுத்து, கட்டியே ஹார்மோனை அதிகம் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். டிஎஸ்ஹெச் குறையவில்லை என்றால் நேராக ஊசிதான். அதே அமர்வில் கழுத்தின் இருபக்க நிணநீர்க் கணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் அடிக்கடி விட்டுப்போவது அதுதான். 25 அல்லது 27 கேஜ் ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. எலாஸ்டோகிராபி ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்தப் படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கட்டிக்குள் எந்த மூலை மிகக் கடினமோ, ஊசி முனையை அங்கே வைக்க அது உதவும்.