குழந்தை வேண்டாம் என்பவர்கள் இணையத்தில் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறார்கள்?

வீட்டில் சொல்ல முடியாததால்தான். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் தங்கையோ நாத்தனாரோ இப்படி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை. வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பிள்ளை வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்தோம். எனக்குக் குழந்தைகள் மேல் வெறுப்பு இல்லை. பிள்ளைக்காக ஏங்கி மருத்துவமனை ஏறி இறங்குபவர்களின் வலியை நான் சிறுமைப்படுத்தவும் இல்லை. பணத்திமிர் என்று எழுத வருகிறவர்கள் ஒருநாள் எங்கள் பட்டறைப் புகையில் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

கொழுந்தனார் மனைவிக்கு வளைகாப்பு. எல்லாரும் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் முறை வந்ததும் பெரிய மாமியார் தட்டை வாங்கிக்கொண்டு, "நீ அப்புறமா போடு சாமி" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. சமையலறையில் ஓர் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடியில கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்க கண்ணு, அடுத்த ஆடிக்குள்ள விசேஷம் ஆயிரும்" என்றார். அவர் கண்ணில் உண்மையான இரக்கம். "எங்களுக்குக் குறை ஒண்ணுமில்லீங்க அத்தை. வேண்டாம்னு நாங்களேதான் முடிவு பண்ணினோம்" என்றேன். சட்டென்று கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அன்று என்னிடம் பேசவில்லை. பிறக்கவில்லை என்று அழுதிருந்தால் மடியில் சாய்த்துக்கொண்டிருப்பார்.

அன்று ராத்திரி புனைபெயரில் நீளமாக எழுதினேன். கடுமையாகத்தான் எழுதினேன். 'வயசான காலத்தில் யார் பார்ப்பார்கள்', 'வம்சம் என்ன ஆவது', 'சுயநலம்' என்று வருடக்கணக்காகக் கேட்டதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொன்னால் அது சாந்தமாக வராது. ஆனால் பிள்ளை பெற்றவர்களையும் குழந்தைகளையும் கேலிப்பெயர் வைத்துத் திட்டுகிறவர்களோடு நான் சேர்வதில்லை.

இது மேல்நாட்டு மோகம் என்பவர்களுக்கு ஒன்று. பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே எழுதிவிட்டார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது எங்கள் சேலத்தில்தான். வேண்டாத பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல.

மக்கள்தொகை குறைகிறதே என்பார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். சரி, ஆனால் இது பெரும்பாலும் ஒன்றிரண்டோடு நிறுத்திய குடும்பங்களால் வந்தது. அவர்கள் கையிலிருந்து யாரும் வளையல் தட்டை வாங்குவதில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு உறவுக்கூட்டம் வரும். "உங்களுக்கென்ன, புள்ளையா குட்டியா" என்று, கூட்டிப்போகும் பொறுப்பு எங்கள் தலையில் விழும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பாட்டில், சிப்ஸ் கவர், டயப்பர் என்று ஜன்னல் வழியே போய்க்கொண்டே இருக்கும். போன தடவை வம்சத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திய பெரியப்பா ஒருவர் டயப்பரை அப்படியே வீசினார். குரங்கு இழுத்துக்கொண்டு போகும் என்றேன், "உனக்கென்ன தெரியும்" என்றார். வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப்போய்ப் பொறுக்கி வந்தார். அந்த மலையில் குப்பை போடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் அடிவாரத்திலேயே நிறுத்தி அபராதம் போட வேண்டும்.