முற்போக்கு யூத ரபியாவதற்கான வழி

பிரிட்டனில் முற்போக்கு யூத மரபைச் சேர்ந்த ஒருவர் ரபி, அதாவது யூத சமயகுரு, ஆவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. இலண்டனில் 1956-இல் நிறுவப்பட்ட லியோ பெக் கல்லூரியே அங்கு இதற்கான முதன்மை இடம். பயிற்சி பொதுவாக ஐந்து ஆண்டுகள் நீளும். பட்டப்படிப்பும் ஓரளவு எபிரேய அறிவும் யூதச் சமூக வாழ்வில் ஊன்றிய ஈடுபாடும் எதிர்பார்க்கப்படும்.

படிப்பின் கடினமான பகுதி மொழிதான் என்பேன். மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளில் உயிரொலிக் குறிகளோ நிறுத்தக் குறிகளோ இரா. உச்சரிப்பையும் ஓதும் இராகத்தையும் முன்பே மனத்தில் பதித்துக்கொண்டு, சுட்டுகோலால் வரியைத் தொடர்ந்தபடி சபை நடுவே பிழையின்றி ஓத வேண்டும். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதோ பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்தது. பக்கத்தின் நடுவே மூலமும் அதைச் சூழ்ந்து ராஷி முதலிய இடைக்கால உரையாசிரியர்களின் உரைகளும் இருப்பதால், ஒரே பக்கத்தில் பல நூற்றாண்டு வாதங்களைப் பின்தொடர வேண்டியிருக்கும்.

யூதச் சட்டமான ஹலாக்காவை வரலாற்றில் வளர்ந்து மாறி வந்த ஒன்றாக இம்மரபு கருதுவதால், விவிலியத் திறனாய்வும் பாடத்தில் இடம்பெறுகிறது. சபைகளில் பெறும் களப்பயிற்சியை, குறிப்பாக நோயுற்றோரையும் துக்கத்தில் இருப்போரையும் ஆற்றுப்படுத்தும் பணியை, துணைப்பாடமாக எண்ணிவிடக் கூடாது.

பெண்களுக்குத் தடையில்லை: ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் 1935-இலேயே ரபிப் பட்டம் பெற்றார், பிரிட்டனில் ஜாக்கி டேபிக் 1975-இல் பெற்றார். ஆனால் வைதிக யூதப் பிரிவினர் முற்போக்கு மரபில் பெற்ற பட்டத்தை, ஆணோ பெண்ணோ, பொதுவாக ஏற்பதில்லை என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்திருப்பது நலம்.