மர்லின் மன்றோ அச்சுப்படம்: விலையைச் சொல்வது பின்பக்க முத்திரை

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலின் மர்லின் மன்றோ படம் ஒன்றை 350 டாலருக்கு வாங்கினேன். இளஞ்சிவப்பு முகம், மஞ்சள் முடி, 36 அங்குலச் சதுரம். விற்றவர் ‘ஒரிஜினல்’ என்றார். பின்னால் நீல மையில் ‘சண்டே பி. மார்னிங்’ என்றும், ‘உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பொருள்படும் ஆங்கில வரியும் முத்திரையாக இருக்கின்றன. இணையத்தில் இதே படத்துக்கு 8,000 டாலர் கேட்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பெறும்? ஒரே முகத்தைக் கண்ட கலரில் அடித்தால் அது கலையா?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, ஆனால் புதையலும் கிடைக்கவில்லை. கொடுத்தது ஏறக்குறைய நியாயமான விலைதான்.

வார்ஹால் 1967-இல் நியூயார்க்கில் வெளியிட்ட மர்லின் தொகுப்பில் பத்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் 250 பிரதி. பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்தோ முதலெழுத்தோ இருக்கும். பிரதி எண்ணை ரப்பர் முத்திரையால் குத்தியிருப்பார்கள். அந்தத் தொகுப்பின் ஒரு தாள் இன்று ஏலத்தில் லட்சம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. 2022-இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 19.5 கோடி டாலருக்குப் போன மர்லின் வேறு. அது 1964-இல் துணியில் செய்த ஓவியம். செய்தியில் வந்த அந்தத் தொகையைத் தாளில் அடித்த படத்தோடு ஒப்பிடவே கூடாது.

உங்களிடம் இருப்பது மூன்றாவது வகை. 1970-இல் ஐரோப்பாவில் ‘சண்டே பி. மார்னிங்’ என்ற பெயரில் அதே அளவில் இந்தப் படங்களை மறுபடி அச்சிட்டார்கள். முதலில் வந்தவற்றின் முத்திரை கறுப்பு மையில் இருக்கும். அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். நீல முத்திரை பிற்கால அச்சு. இன்றும் புதிதாகவே சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. தன்னிடம் வந்த சில பிரதிகளில் வார்ஹாலே ‘இது என்னுடையது அல்ல’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒன்று அகப்பட்டால் கதையே வேறு.

நீங்கள் பார்த்த 8,000 டாலர், விற்பவர் கேட்கும் விலை. அதை விட்டுத்தள்ளுங்கள். ஏல நிறுவனங்களின் தளங்களில் முடிந்துபோன ஏலங்களின் விலை இருக்கும். அதில் நீல முத்திரைப் படங்களை மட்டும் தேடுங்கள். விற்பவருக்குக் கமிஷன் போகத்தான் மீதி கையில் வரும். படத்தோடு வரும் ‘அசல் சான்றிதழை’யும் நம்பவேண்டாம். வார்ஹால் படைப்புகளைச் சரிபார்த்துவந்த குழு 2012-இல் கலைக்கப்பட்டுவிட்டது. விற்பவர் ரசீதில் ‘வார்ஹால் அசல்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. வாய்வார்த்தை என்றால் கஷ்டம். நீங்கள் விற்கும்போது தயவுசெய்து ‘சண்டே பி. மார்னிங், நீல முத்திரை’ என்றே எழுதுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பூதக்கண்ணாடியை அந்த மஞ்சள் முடிமேல் வையுங்கள். சில்க் ஸ்கிரீன் (இழுத்துக் கட்டிய மெல்லிய துணி வழியாக மையைத் தள்ளி அச்சிடும் முறை) என்றால் மை ஒரே சீராக, தாளின்மேல் ஒரு படலம் போலப் படிந்திருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் கலந்து தெரிந்தால் அது ஆஃப்செட் போஸ்டர், அதாவது பத்திரிகைபோல இயந்திரத்தில் அடித்தது. முத்திரை எதுவானாலும் சரி. கறுப்புக் கோடுகளில் மட்டும் புள்ளி தெரிந்தால் பயப்படாதீர்கள், அது புகைப்படத்திலிருந்து வந்தது.

இனி, கலையா என்ற கேள்வி. அந்த முகம் 1953-இல் வந்த ‘நயாகரா’ படத்துக்காக எடுத்த விளம்பரப் புகைப்படம். மர்லின் 1962 ஆகஸ்டில் இறந்தார். விளம்பர ஓவியராகப் பிழைப்பு நடத்திய வார்ஹால் உடனே அந்தப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள 1962-ஆம் ஆண்டு ஓவியத்தில் அதே முகம் ஐம்பது முறை வருகிறது. இடப்பாதியில் பளிச்சென்ற வண்ணம். வலப்பாதியில் வெறும் கறுப்பு, அதுவும் சில இடங்களில் மை அப்பி, சில இடங்களில் வெளுத்து, கடைசியில் முகமே மங்கிப்போகிறது. ஒரு பெண்ணைச் சரக்காக்கி, அலுக்கும்வரை பார்த்து, இழந்த கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. உங்கள் படத்திலும் உதட்டுச் சாயமும் கண்மேல் பூச்சும் கோட்டோடு ஒட்டாமல் முகமூடிபோல நிற்பதைப் பாருங்கள். அது அச்சுப்பிழை இல்லை.

வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அந்த இளஞ்சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். ஃபிரேம் போடுபவர் அட்டையில் ஒட்டவோ ஓரத்தை வெட்டவோ விடாதீர்கள்.

கேள்வி: ஆஃப்செட் அச்சு என்றாலே மதிப்பில்லையா?

பதில்: அப்படியில்லை. வார்ஹால் காலத்து இன்னொரு அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் ‘அழும் பெண்’ 1963-இல் லியோ காஸ்டெல்லி கேலரி கண்காட்சிக்காக ஆஃப்செட்டில் அடித்துத் தபாலில் அனுப்பப்பட்டது. இன்று மடிப்போடு கிடைத்தாலும் வாங்க ஆள் உண்டு. எப்போது, யார் சொல்லி அடித்தது என்பதைக் கேளுங்கள். அச்சுமுறை அதற்குப் பிறகுதான்.