சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்துகொண்டு குடும்பத்துக்கு மின்சார எஸ்யூவி வாங்குவது சரிப்பட்டு வருமா? நிறைகுறைகள் என்ன?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்கள் மூன்றே மூன்று: இரண்டு பள்ளிப் பிள்ளைகள், மூட்டுவலியுள்ள தாயார், சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் முடியப்போகும் பெட்ரோல் வண்டி. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் வீட்டு நிலவரமும் இதேதான். தாயாருக்குப் பதில், நான் அத்தை என்று அழைக்கும் மாமியார், அவ்வளவே வேறுபாடு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது உறவுக்காரர்களைப் பார்க்க மலேசியா போய்வருகிறவர் நீங்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. நான் எந்த நிறுவனத்தின் விற்பனையாளரும் அல்லேன். வண்டிப் பித்துப் பிடித்தவளும் அல்லேன். பாலர்பள்ளியில் வேலை பார்க்கும், தினமும் வண்டி ஓட்டும் ஒரு தாய். என் வண்டியின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். சொன்னால், மலிவு வண்டி வாங்கியவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு கூட்டமும், எங்கள் வண்டியில் அப்படியெல்லாம் இல்லையே என்று இன்னொரு கூட்டமும் கிளம்பும். 60 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி, ஐந்து இருக்கை, இதுவரை 28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது போதும்.

காட்சிக்கூடத்தில் எங்களை வரவேற்ற இளைஞர், நாற்பது நிமிடமும் என் கணவரைப் பார்த்தே பேசினார். திரை இவ்வளவு பெரியது, கூரை முழுவதும் கண்ணாடி, கைப்பேசியே சாவி என்று அவர் அடுக்க அடுக்க, என் கணவர் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. ஓட்டப்போவது நான்தான் என்று இரண்டு முறை சொன்ன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே விளக்கம், முகம் பார்க்கும் கண்ணாடியில் விளக்கு இருக்கிறது என்பது. இதை வயிற்றெரிச்சலால் மட்டும் சொல்லவில்லை, அதுவும் கொஞ்சம் உண்டு என்றாலும். அத்தையைப் பின்னிருக்கையில் கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று அந்த இளைஞருக்கும் தோன்றவில்லை, என் கணவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குடும்ப வண்டியின் குணம் முன்னிருக்கையில் தெரிவதில்லை என்பதை நான் பணம் கட்டிய பிறகே கற்றுக்கொண்டேன்.

பின்னிருக்கையின் கதை இது. மின்வாகனத்தில் பேட்டரியைத் தரைக்கு அடியில் பலகைபோல் பரப்பி வைக்கிறார்கள். நடுவில் மேடு இல்லாததால், நடுவில் அமரும் என் மகன் கால்களை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பேட்டரியின் தடிமனுக்கு ஏற்பத் தரை உயர்ந்துவிடுகிறது. இருக்கையையும் அதே அளவுக்கு உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும் என்பதால், பின்னால் அமர்பவரின் முழங்கால்கள் மேலே தூக்கிக்கொள்கின்றன, தொடை இருக்கையில் முழுமையாகப் படிவதில்லை. பிள்ளைகளுக்கு இது உறைக்காது. 72 வயதில் இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உள்ள ஒருவருக்கு, வடகிழக்கே செங்காங்கிலிருந்து மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் போய்ச் சேர்வதற்குள் உறைத்துவிடும். ஏறி இறங்குவதில் மட்டும் எஸ்யூவியின் உயரம் அத்தைக்கு வரப்பிரசாதம். பழைய வண்டியில் குனிந்து உள்ளே விழுந்தவர், இதில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்கிறார். தேக்காவில் வாங்கிய ஒரு சிறிய இலவம்பஞ்சுத் தலையணையைத் தொடைக்கு அடியில் கொடுத்து மிச்சத்தைச் சமாளிக்கிறோம்.

அடுத்தது குமட்டல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணமே மோட்டார் மின்சாரம் தயாரிக்கும் கருவியாக மாறி, வண்டியின் வேகத்தைப் பிடித்து இழுத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஓட்டுபவருக்கு இது விரைவில் பழகிவிடும், பிடித்தும் போய்விடும். பின்னால் இருப்பவருக்கோ, இன்ஜின் சத்தம் என்ற முன்னறிவிப்பு இல்லாமலேயே உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. முதல் வாரம், சிராங்கூன் சாலையில் ஒவ்வொரு விளக்காக நின்று நின்று பெருமாள் கோயிலுக்குப் போனபோது, “ஏம்மா, உன் வண்டிக்கு விக்கலா?” என்று கேட்ட அத்தை, கோயில் வாசலில் இறங்கியதும் முதல் வேலையாகக் கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். அன்றிரவே அந்த இழுவையின் அளவைத் திரையில் மிகக் குறைந்த நிலைக்கு மாற்றினேன். மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறதா என்றால், நகரத்துக்குள் ஆகத்தான் செய்கிறது. தைலத்தின் செலவு நின்றுவிட்டது.

நிறைகளில் யாரும் விளம்பரப்படுத்தாத ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிடுவது குற்றம், அபராதம் உண்டு. மகளின் துணைப்பாட வகுப்பு முடியும்வரை பெட்ரோல் வண்டியில் கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்வையில் நனைந்த ஆண்டுகள் எனக்கு நினைவிருக்கின்றன. மின்வாகனத்தில் ஓடுவதற்கு இன்ஜினே இல்லை. குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, புகையும் சத்தமும் இல்லாமல், மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பேட்டரி இரண்டு மூன்று விழுக்காடு குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இனி, உங்கள் கேள்வியின் முதல் பாதியான வீவக வீட்டுக்கு வருகிறேன். 2030ஆம் ஆண்டுக்குள் தீவு முழுவதும் 60,000 மின்னூட்ட முனைகள், அவற்றில் 40,000 பொது நிறுத்துமிடங்களில் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அந்தத் தொகையால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. உங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் எத்தனை சார்ஜர், அதே கட்டடத்தில் இரவில் தங்கும் மின்வாகனங்கள் எத்தனை என்ற இரண்டு எண்களே உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். நான் வண்டி வாங்கியபோது எங்கள் கட்டடத்தில் நான்கு சார்ஜர்களுக்கு மூன்று மின்வாகனங்கள் இருந்தன, ராஜபோகம். இன்று அதே நான்கு சார்ஜர்களுக்குப் பதினொரு வண்டிகள். இதில் வியப்பில்லை: 2024இல் இங்கே பதிவான புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்வாகனம்.

வீவக நிறுத்துமிடங்களில் பெரும்பாலும் இருப்பவை 7.4 கிலோவாட் மெதுவகை சார்ஜர்கள். என் பேட்டரி வெறுமையிலிருந்து நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் மாட்டிவிட்டுக் காலையில் எடுக்கும் ஏற்பாடு அது. ஆகவே ஒரு சார்ஜர் ஓர் இரவில் ஒரு வண்டியைத்தான் கவனிக்கும். நிரம்பிய பிறகும் நண்பகல்வரை வண்டியை நகர்த்தாத ஓர் அண்டைவீட்டுக்காரர் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார். கட்டடத்தாரின் கைப்பேசிக் குழுவில் மரியாதையாக எழுதிப் பார்த்தோம். கட்டை விரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. இப்போது நான் வாரத்தில் இரண்டு இரவுகள், பாத்திரம் கழுவி முடித்துப் பத்து மணிக்குக் கீழே இறங்கி, காலியிடம் பார்த்து வண்டியை மாற்றி நிறுத்துகிறேன். எங்கள் சார்ஜரில் கம்பி கிடையாது. நம் கம்பியை நாமே கொண்டுபோக வேண்டும். மழைநாளில் ஈரத்தரையில் புரண்ட அந்தக் கம்பியைச் சுருட்டி எடுத்தால் பைஜாமாவில் கறுப்புக் கோடு விழும். என் வண்டியின் மின்னூட்டத் துளை முன்சக்கரத்துக்கு மேலே இருப்பதால், எல்லோரும் பின்பக்கமாக நிறுத்தும் இடத்தில் நான் மட்டும் மூக்கை உள்ளே விட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. வாங்கும் முன் துளை எந்தப் பக்கம் என்று பாருங்கள், சிரிக்க வேண்டாம்.

இனி பணத்தைப் பற்றி. பெட்ரோல் நின்றுவிட்டால் பணம் கொட்டும் என்று என் கொழுந்தனார் சொன்ன கணக்கு பாதிதான் உண்மை. மாதம் 1,400 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் வீதம், எங்கள் சார்ஜரில் யூனிட்டுக்கு 62 காசு கொடுத்தால், மாதச் செலவு 140 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பழைய 1.6 லிட்டர் வண்டிக்கு 350 வெள்ளி ஆனது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 வெள்ளி மிச்சம் என்று துள்ள வேண்டாம். மின்வாகனம் பெட்ரோல் வரி கட்டுவதில்லை என்பதற்காகச் சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் சேர்க்கிறார்கள். என் 100 கிலோவாட் வண்டிக்கு மொத்தச் சாலை வரி ஏறத்தாழ 1,500 வெள்ளி. பழைய வண்டிக்கு 740 வெள்ளிதான். காப்புறுதி 400 வெள்ளி ஏறியது. மிஞ்சுவது மாதம் ஏறத்தாழ 110 வெள்ளி. விரைவு சார்ஜரையே நம்பியிருப்பவருக்கு யூனிட் விலை இன்னும் கூடுதல், ஆகவே அதுவும் கரையும். வண்டி கனமானது, தொட்டதும் பாய்வது. டயர்களை 26,000 கிலோமீட்டரிலேயே மாற்றினேன்.

வாங்கும் விலையில் கிடைக்கும் சலுகை வேறு கணக்கு. 2024இல் அரசாங்கத்தின் இரண்டு சலுகைத் திட்டங்களைச் சேர்த்து அதிகபட்சம் 40,000 வெள்ளிவரை கழிவு கிடைத்தது. அவற்றில் முன்கூட்டியே மின்வாகனம் வாங்குவோருக்கான சலுகையின் உச்சவரம்பு, அப்போது 15,000 வெள்ளியாக இருந்தது, 2026இல் 7,500 வெள்ளியாகக் குறைந்துவிட்டது. மோட்டாரின் ஆற்றல் 110 கிலோவாட்டைத் தாண்டாத வண்டிகள் சிஓஇயில், ஆற்றல் குறைந்த கார்களுக்கான ஏ பிரிவுக்குள் வரும். அதற்காகவே சில வண்டிகளை ஆற்றல் குறைத்து விற்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு அந்தக் குறைப்பு ஒரு குறையே அன்று. பேட்டரி பதினைந்து ஆண்டு தாங்குமா என்று இணையத்தில் நடக்கும் சண்டையையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். இங்கே சிஓஇயின் ஆயுளே பத்தாண்டு. பேட்டரிக்கான உத்தரவாதம் பெரும்பாலும் எட்டாண்டு. நம் கவலை நடுவில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியதாக இருந்தால் போதும்.

மலேசியப் பயணத்துக்கு வருகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிள்ளானில் அண்ணனின் புதுமனை புகுவிழா. எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர். எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி மின்வாகனத்துக்குக் கிடையாது என்றாலும், முழுப் பேட்டரியோடு விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். தாளில் போட்டிருந்த தூரம் 420 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலைகளின் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓரளவு உண்மை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது காற்றின் எதிர்ப்பு கடுமையாகக் கூடுவதால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டிக்கு 310 கிலோமீட்டர்தான் தேறும் என்று திரை காட்டத் தொடங்கியது. ஓர் ஓய்விடத்தில் இறங்கினோம். இரண்டு சார்ஜர்களில் ஒன்று பழுது. மற்றொன்றுக்கு முன்னால் இரண்டு வண்டிகள், இரண்டும் சிங்கப்பூர் எண்கள். செயலியோ நான் வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்த செயலி அன்று, வேறொன்று. ஒருமுறைக் கடவுச்சொல் வரும் குறுஞ்செய்திக்காகக் கைப்பேசியை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம்.

நான் பொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அத்தை, என் மகளின் கையைப் பிடித்தபடி நடந்து, கழிவறைக்குப் போய்வந்து, இரண்டு தோசையும் ஒரு தே ஓவும் (பால் சேர்க்காத தேநீர்) முடித்திருந்தார். கிள்ளானில் இறங்கியபோது அவருடைய கால்கள் வீங்கவில்லை. பெட்ரோல் வண்டியில் நிற்காமல் ஒரே மூச்சில் போன பயணங்களில் எல்லாம் வீங்கும். இதை நிறையில் எழுதுவதா குறையில் எழுதுவதா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் வீட்டில் சாதாரண மூன்று முனைச் செருகியில் இரண்டு இரவும் மாட்டிவைத்தோம். முதலில் நீட்டிப்புக் கம்பி வழியாக மாட்டியிருந்தோம். நள்ளிரவில் எழுந்து தொட்டுப் பார்த்தால் கொதித்தது. உடனே பிடுங்கிவிட்டு, வண்டியைச் சுவருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து நேரடியாக மாட்டினேன். திரும்பும்போது விடுமுறையின் கடைசி ஞாயிறு. நெடுஞ்சாலை சார்ஜரில் ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அத்தைகூட அன்று தோசை கேட்கவில்லை. சிங்கப்பூருக்குள் நுழையும் இரண்டாம் இணைப்புப் பாலத்தின் நெரிசலில் சேர்ந்தபோது 26 விழுக்காடு இருந்தது. நெரிசலில் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். இரண்டரை மணி நேரம் ஊர்ந்ததில் செலவானது 5 விழுக்காடுதான். ஊர்வது மின்வாகனத்துக்குச் சுலபம், விரைவதுதான் செலவு.

மறுபடியும் வாங்குவேனா என்றால், சார்ஜர் நான்கும் வண்டி பதினொன்றுமாக இருக்கும் இன்றைய நிலையிலும் வாங்குவேன். ஆண்டில் மூன்று வாரமே மலேசியா. மிச்ச நாட்கள் முழுவதும் பள்ளி, துணைப்பாடம், கோயில், தேக்கா. ஆனால் உங்கள் கட்டடத்தில் சார்ஜர் இரண்டே இரண்டு என்றால் பெட்ரோல் கலப்பின (ஹைப்ரிட்) வண்டியைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிஓஇ முடிய இன்னும் சில மாதங்கள் இருக்குமானால், ஒரு வாரயிறுதிக்கு மின்சார எஸ்யூவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். எல்லை தாண்ட நிறுவனத்தின் அனுமதி தனியாக வேண்டும் என்பதால், உங்கள் தாயாரைப் பின்னால் அமர்த்தி, மேற்கே துவாசிலிருந்து கிழக்கே சாங்கிவரை ஒருமுறை போய்வாருங்கள். இறங்கியதும் முதலில் அவர் எதைப் பிடித்துக்கொள்கிறார், முழங்காலையா வயிற்றையா என்று கவனித்துவிட்டு, அன்றிரவு பத்து மணிக்கு அதே வண்டியோடு உங்கள் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் தேடிப் பாருங்கள்.