நூறு மெகாபிக்சல் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டு வருடமாக 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சார்) கேமராவில் வேலை செய்கிறேன். அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட்டுக்கு மாறினால் படம் நான்கு மடங்கு தெளிவாகிவிடுமா மேடம்?

நான்கு இல்லை, இரண்டு. அதுவும் இன்னும் கொஞ்சம் குறைவு. மெகாபிக்சல் என்பது பரப்புக் கணக்கு, தெளிவுக்கு அகலத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் கேமரா தரும் படத்தின் அகலம் 6,000 பிக்சல். ஃபூஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ் 100 தருவது 11,648. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடித்தால் உங்களுடையது 20 அங்குல அகலம் வரும், அது 38 அங்குலத்தைத் தாண்டும். அவ்வளவு பெரிய பிரின்ட் கேட்கும் வாடிக்கையாளர் உங்களுக்கு எத்தனை பேர்? செல்போனில்தான் பார்க்கப்போகிறார்கள் என்றால் இப்போது இருப்பதே தாராளம்.

நான் மாறியதற்குக் காரணம், ஓவியங்களைப் பிரதி எடுப்பது என் பிழைப்பு. முதல் வேலையிலேயே மூக்குடைபட்டேன். நான்கடி அகல ஆயில் பெயின்டிங், மாடியில் மரத்தளம் போட்ட அறை, நல்ல ட்ரைபாட், ஷட்டர் கால் விநாடி. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. வீட்டுக்கு வந்து முழு அளவில் திறந்தால், தூரிகை இழுத்த தடம் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஆட்டோஃபோகஸைத் திட்டினேன், லென்ஸைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் கால். இரண்டு விநாடி டைமரில் பட்டனை அழுத்திவிட்டு வெளிச்சத்தைப் பார்க்க இரண்டடி நடந்திருக்கிறேன். பலகை அசைந்து, ட்ரைபாடும் கூடவே அசைந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கடி என்பது சுமார் 1,220 மில்லிமீட்டர். அதை 11,648 பிக்சலில் அடைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்பது பிக்சலுக்கு மேல். கேன்வாஸின் மேல் கேமராவின் பார்வை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே ஏறக்குறைய ஒரு பிக்சல் தப்பும். பழைய கேமராவிலும் இப்படித்தான் நடந்திருப்பேன். அதில் அது பாதி பிக்சலுக்குள் அடங்கிப்போயிருக்கும். இத்தனை வருடமும் நான் ஒழுங்காக எடுத்தேன் என்று நினைத்திருந்தேன், போங்கள்!

இப்போது பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு, உதவியாளரும் நானும் சிலை மாதிரி நிற்போம். முடிந்த இடத்தில் ஃப்ளாஷில் எடுத்துவிடுகிறேன். அதன் வெளிச்சம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் தரை ஆடினாலும் படத்தில் தெரிவதில்லை.

கேள்வி: மீடியம் ஃபார்மட் என்றால் எல்லாக் கம்பெனியிலும் சென்சார் ஒரே அளவுதானா? அதில் பிக்சல் பெரிது, அதனால்தான் தரம் என்கிறார்களே?

ஒரே அளவு இல்லை. ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ், 2022-ல் வந்த ஹாசல்பிளாட் எக்ஸ்2டி இரண்டிலும் சென்சார் சுமார் 44-க்கு 33 மில்லிமீட்டர். ஃபேஸ் ஒன் ஐக்யூ4-ன் 150 மெகாபிக்சல் சென்சார் சுமார் 53-க்கு 40. ஃபிலிம் காலத்து மீடியம் ஃபார்மட்டான 645 ஏறக்குறைய 56-க்கு 42. அந்தக் காலத்து ஆட்கள் 44-க்கு 33-ஐ மீடியம் ஃபார்மட் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

பிக்சல் பெரிது என்பது பழைய கதை. இந்த 100, 150 மெகாபிக்சல் சென்சார்களில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். 61 மெகாபிக்சல் கொண்ட சோனி ஏ7ஆர் 4 என்ற ஃபுல் ஃப்ரேம் கேமராவிலும் அதே 3.76-தான். வித்தியாசம் பரப்பில். ஃபுல் ஃப்ரேமைவிட 44-க்கு 33 சுமார் 1.7 மடங்கு பெரிது, அந்த அளவுக்கு அதிக வெளிச்சம் பிடிக்கும். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) சொன்னால் முக்கால் ஸ்டாப். நல்ல விஷயம்தான், ஆனால் மந்திரம் இல்லை.

கேள்வி: விளையாட்டுப் போட்டிகள் எடுக்க?

வேண்டாம்.

கேள்வி: வெட்டவெளியில் ஃப்ளாஷ் வைத்து போர்ட்ரெய்ட் எடுப்பேன். ஃபூஜிஃபில்மா, ஹாசல்பிளாடா?

உங்கள் வேலைக்கு மெகாபிக்சலைவிட ஷட்டர்தான் முக்கியம். ஜிஎஃப்எக்ஸ் 100-ல் ஷட்டர் கேமரா உடம்புக்குள் இருக்கிறது. ஃப்ளாஷோடு சாதாரணமாக 1/125 விநாடி வரைதான் போக முடியும். எக்ஸ்2டி-யில் லென்ஸுக்குள்ளேயே லீஃப் ஷட்டர் (இதழ்களாக விரிந்து மூடுவது), லென்ஸைப் பொறுத்து 1/2000 அல்லது 1/4000 வரை ஃப்ளாஷ் ஒத்துழைக்கும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்று வைத்தால் லென்ஸின் துவாரத்தை எஃப்/16 வரை சுருக்க வேண்டியிருக்கும், பின்னணி எல்லாம் மங்காமல் துல்லியமாகத் தெரியும். 1/2000 கிடைத்தால் அதே வெயிலில் துவாரத்தை விரித்து எஃப்/4-ல் எடுக்கலாம், பின்னணி மங்கும். ஜிஎஃப்எக்ஸில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கும். வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் எரியவைக்கும் ஹை ஸ்பீட் சிங்கும் உண்டு, அதில் ஃப்ளாஷின் பலம் பாதாளத்துக்குப் போய்விடும். நானாக இருந்தால் ஹாசல்பிளாட். ஸ்டூடியோவுக்குள் மட்டும் வேலை என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை, 1/125 போதும்.

கேள்வி: வாங்குமுன் என்ன சோதிக்க வேண்டும்?

இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் அறையில், உங்கள் ட்ரைபாடில், சுவரில் ஒட்டிய செய்தித்தாளை இரண்டு விநாடி டைமரில் ஐந்து, பத்து விநாடி டைமரில் ஐந்து எடுங்கள். முழு அளவில் திறந்து எழுத்தின் ஓரங்களை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் முதலில் ட்ரைபாடை மாற்றுங்கள். அப்புறம், அந்தப் பத்துப் படத்தையும் உங்கள் கம்ப்யூட்டர் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சுருக்காத 16 பிட் ரா கோப்பு (சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் கோப்பு) ஒன்று 200 எம்பி வரும். ஒரே நாளில் 500 படம் எடுப்பவர் என்றால் 100 ஜிபி. டிஸ்க் வாங்கும் செலவையும் கேமரா விலையோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.