வாசகர் கேள்வி – பதில்: சாம்பியன் ஹில்லில் ஒரு லீக் ஆட்டம்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகளுடன் அக்டோபரில் சில வாரங்கள் தங்கப் போகிறேன். மைதானத்திலேயே அமர்ந்து ஒரு கால்பந்து லீக் ஆட்டம் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிரீமியர் லீக் சீட்டு கிடைப்பது அரிது என்கிறாள் மகள். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நிச்சயம் உண்டு. இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் படியான பிரீமியர் லீக்கிற்குக் கீழே படிப்படியாகப் பல பிரிவுகள் இருக்கின்றன. நன்றாக ஆடும் அணி மேலே ஏறுவதும் தடுமாறும் அணி கீழே இறங்குவதும் அங்கும் உண்டு. தென் லண்டனில் உள்ள டலிச் ஹாம்லெட் அணியின் சாம்பியன் ஹில் மைதானத்துக்குச் செல்லுங்கள் என்பேன். லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ஈஸ்ட் டலிச் நிலையம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். கட்டணமும் பிரீமியர் லீக்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

1893இல் தொடங்கிய இந்த அணியின் நிறம் இளஞ்சிவப்பும் நீலமும். ஊதியம் பெறாத வீரர்களுக்கான அமெச்சூர் கோப்பையை இவர்கள் 1920, 1932, 1934, 1937 என நான்கு முறை வென்றிருக்கிறார்கள். இவ்வணிக்காக நானூறுக்கும் மேற்பட்ட கோல்களை அடித்த எட்கர் கெயில், கடைசிவரை தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமலேயே 1929இல் இங்கிலாந்து அணியில் இடம்பெற்று, பிரான்சுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள் போட்டார். மைதானத்துக்குச் செல்லும் பாதைக்கு இன்று அவர் பெயர்தான். ரசிகர்கள் இன்றும் அவரைப் பாடுகிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தென் கொரியா மெக்சிகோவை 5–3 என வென்றதும் சாம்பியன் ஹில்லில்தான். அந்தப் பழைய அரங்கு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பல்பொருள் அங்காடி எழுந்துவிட்டது. அதை ஒட்டி 1992இல் கட்டப்பட்ட சிறிய அரங்கைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

2018இல் இடத்தின் உரிமையாளரான கட்டுமான நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் அணி தன் மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டது. வேறோர் அணியின் மைதானத்தில் ஆடியபடியே, அந்த ஆட்டப் பருவத்தின் முடிவில் ஹெண்டன் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று அவர்கள் மேல் பிரிவுக்கு ஏறினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சொந்த மண்ணுக்குத் திரும்பவும் செய்தார்கள். ரசிகர்கள் விடாமல் போராடியிராவிட்டால் அந்த மைதானம் இன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

கேள்வி: இவ்வளவு கீழ்ப் பிரிவில் ஆட்டம் பார்க்கும்படி இருக்குமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 2023இல் டலிச் ஏழாம் படியில் உள்ள இஸ்த்மியன் லீக்கிற்கு இறங்கியது, ஆகவே தொலைக்காட்சியில் காணும் நேர்த்தியை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தொலைக்காட்சி ஒருபோதும் தராத ஒன்று அங்கே கிடைக்கும். கோல்கம்பத்துக்குப் பின்னால் உள்ள கம்பித் தடுப்பில் கை ஊன்றி நின்றால், தடுப்பாட்டக்காரர்களைக் கோல்கீப்பர் பெயர் சொல்லி அதட்டுவதும், இரண்டு வீரர்கள் மோதும் சத்தமும் காதில் விழும். இடைவேளையில் ரசிகர்கள் கூட்டமாக எழுந்து, தம் அணி அடுத்துத் தாக்கப்போகும் கோலின் பின்புறத்துக்கு நடந்துவிடுவார்கள். நீங்களும் தயங்காமல் அவர்களோடு போங்கள்.

கேள்வி: கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை எவை?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சனிக்கிழமை ஆட்டம் வழக்கமாகப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். (சிறிய மைதானங்களின் கூட்டத்தைக் காக்கவே, பிரிட்டனில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையாக ஒளிபரப்பத் தடை உள்ளது. நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன்.) செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகள் சிலவற்றில் எஃப்.ஏ. கோப்பைக்கான (லீக்கிலிருந்து தனியாக, தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் போட்டி) தகுதிச் சுற்றுகள் நடப்பதால், நீங்கள் செல்லும் நாளில் இருப்பது லீக் ஆட்டம்தானா என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். டலிச்சுக்கு அந்தப் பிரிவுக்கு மிஞ்சிய கூட்டம் வரும் என்பதால் சீட்டை இணையத்தில் முன்னதாகவே வாங்கிவிடுவது நல்லது. உட்காரும் இடம் மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் சற்று முன்னதாகவே போய் அங்கே இடம்பிடிக்க வேண்டும். குடை பின்னால் இருப்பவரை மறைக்கும். மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள். கனமழை பெய்தால் மைதானத்தில் நீர் தேங்கி, ஆட்டம் அன்று காலையிலேயே ஒத்திவைக்கப்படலாம் என்பதால், அணியின் அறிவிப்பைப் பார்த்த பிறகே ரயில் ஏறுங்கள்.