ஊது உலைக்குள் காற்று போகும் வழி

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலமாகப் பணிபுரிகிறேன். என் மகள், இரும்பு உருக்கும் ஊது உலைக்குள் வாயுவும் கல்கரியும் தாதுவும் நகர்வதைக் கணினியில் கணக்கிடும் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். உலையே எதிரில் இருக்கும்போது கணினி எதற்கு என்று கேட்டால், "உள்ளே பார்க்க முடியாதே அப்பா" என்கிறாள். எனக்குப் புரியும்படி விளக்க முடியுமா?

பதில்: பச்சை இலையை வாட்டும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி வலையின் மேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றைச் செலுத்துகிறீர்கள். ஓரிடத்தில் இலை மெலிதாகக் கிடந்தால் காற்றெல்லாம் அந்த வழியே ஓடிவிடும். கனமாகக் கிடக்கும் இடத்தில் இலை வாடாமல் நிற்கும். உங்கள் ஆட்கள் அதைக் கையால் தொட்டுப் பார்த்தே அறிந்து, கிளறிவிடுவார்கள். ஊது உலையின் சிக்கலும் அடிப்படையில் இதுவே. கை நுழைக்க வழியில்லை என்பதுதான் வேறுபாடு.

உலையின் மேல்வாய் வழியே தாதுவையும், நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கல்கரியையும் மாறி மாறி அடுக்குகளாகக் கொட்டுகிறார்கள். கீழே சுற்றிலும் உள்ள ஊதுகுழல்கள் வழியே ஏறத்தாழ 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடான காற்று பாய்கிறது. அங்கே கல்கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மேலேறும்போது தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கிறது. திடப்பொருள் மேலிருந்து அடிவரை இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகிறது; வாயுவோ சில விநாடிகளில் மேலே போய்விடுகிறது. அந்தச் சில விநாடிகளில் அது எந்தப் பக்கமாகப் போனது என்பதைப் பொறுத்தே எரிபொருள் செலவு அமைகிறது.

துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம்தான் இதில் முக்கியம். சபரி எர்கன் 1952-இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் இக்கணக்குகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. அதன்படி, வெற்றிடம் 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தால், அதே அளவு காற்றை அதே வேகத்தில் செலுத்த ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். தூளும் பொடியும் கலந்த தாது உலைக்காரர்களுக்கு ஏன் ஆகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

உங்கள் தொட்டியில் இல்லாத ஒரு தொல்லையும் அங்கே உண்டு. உலையின் நடுப்பகுதியில் தாது இளகி ஒட்டிக்கொள்ளும்போது அதன் வழியே வாயு ஏறக்குறைய நுழையவே முடியாது. இடையிலுள்ள கல்கரி அடுக்குகளே ஜன்னல்களாகி வழிவிடுகின்றன. இயங்கிக்கொண்டிருந்த உலைகளை அணைத்துக் குளிரவைத்து, அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்த்த ஜப்பானிய ஆய்வுகளால்தான் இப்பகுதியின் வடிவம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஓர் உலையையே அணைப்பது எப்போதும் நடக்கிற காரியமா?

ஆகவே கணினி. வாயுவைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து அதன் ஓட்டத்தைக் கணக்கிடுவது ஒரு பாதி. பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் வகுத்த முறையில், ஒவ்வொரு துகளும் அடுத்ததன் மேல் மோதி, உரசி, உருள்வதைத் தனித்தனியே கணக்கிடுவது மறுபாதி. 4,000 கன மீட்டர் உலையை ஐந்து சென்டிமீட்டர் உருண்டைகளால் நிரப்பினால் மூன்று கோடிக்கு மேல் வரும். ஒவ்வொன்றின் நகர்வையும் விநாடியின் மிக நுண்ணிய பங்குகளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். உலையின் எட்டு மணி நேர ஓட்டம் முழுவதற்கும் இதைச் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், உலையின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அல்லது பல துகள்களை ஒரு பெரிய உருண்டையாகக் கருதுவார்கள்.

இந்தச் சுருக்கங்களால் பிழை நுழையும். உலையின் மேல்வாயில் அளக்கும் வாயுவின் வெப்பநிலை, சுவரோர அழுத்தம் ஆகியவற்றோடு விடை ஒத்துப்போனாலும், உலைக்குள் நடப்பதாகக் கணினி காட்டும் படம் தவறாக இருக்க இடமுண்டு. வண்ணப் படங்களைக் கண்டு மயங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்; உங்கள் மகள் மறக்காமல் இருந்தால் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இவ்விரு கணக்குகளையும் இணைத்து ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ட்சுஜியின் குழுவினர் 1993-இல் ஆராய்ந்தது ஊது உலையை அல்ல. அடியிலிருந்து வரும் காற்றில் துகள்கள் மிதந்து கொதிக்கும் படுகையைத்தான். உங்கள் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் எஃப்.பி.டி. டிரையரும் அவ்வகையே. ஆனால் அவர்கள் கணக்கிட்டவை உருண்டைகள். தேயிலைத்தூளோ ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டும், உலர உலரச் சுருங்கி எடை குறையும். அதைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவாய் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.